பயம் போன பிறகுதான் பேச வேண்டுமா?

"பயப்படாதே, உன்மேல் நம்பிக்கை வை." வாய்மொழித் தேர்வு அறைக்கு வெளியே காத்திருக்கும் பிள்ளையிடம் இதைத்தான் சொல்கிறோம். முதல் நேர்காணலுக்குக் கிளம்பும் பட்டதாரியிடமும் இதையேதான் சொல்கிறோம். சொல்பவரின் மனசு நல்ல மனசுதான். ஆனால் 'எப்படிப் பயப்படாமல் இருப்பது?' என்று அந்தப் பிள்ளை திருப்பிக் கேட்டால் நம்மில் பலரிடம் பதில் இருக்காது.

அந்தப் பதில் இருக்க வேண்டிய இடத்தில் கொஞ்ச காலமாகச் 'சுய விழிப்புணர்வு' என்ற சொல் வந்து உட்கார்ந்திருக்கிறது. உன்னை நீ அறிந்தால் பயம் ஓடிவிடும் என்று பயிற்சிப் பட்டறைகளிலும் வாட்ஸ்அப் காணொளிகளிலும் சொல்கிறார்கள். இதைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்து, இரவெல்லாம் தன்னைப் பற்றியே யோசித்து, முன்பைவிடக் கூடுதலாகப் பயந்தவர்களை எனக்குத் தெரியும். குறை அவர்களுடையது அல்ல. பயம் எப்படி வேலை செய்கிறது, அதில் விழிப்புணர்வு எந்த இடத்தில் நுழைகிறது என்பதை யாரும் அவர்களுக்கு விளக்கவில்லை.

தாளிக்கும்போது அலறும் கருவி

2018 ஜூன் முதல் சிங்கப்பூரின் புதிய வீடுகளில் புகை எச்சரிக்கைக் கருவி கட்டாயம். நம் வீடுகளில் அது எப்போது அலறும் என்று சொல்லத் தேவையில்லை. எண்ணெயில் நாலு காய்ந்த மிளகாய் போதும்.

கருவி பழுதாகவில்லை. தாளிப்புப் புகைக்கும் தீப்பிடித்த புகைக்கும் அதற்கு வேறுபாடு தெரியாது, அவ்வளவுதான். சந்தேகம் வந்தால் அலறிவிடு என்றே அதைச் செய்திருக்கிறார்கள். பலமுறை வீணாக அலறினால் எரிச்சல் வரும். உண்மையான தீயை ஒருமுறை தவறவிட்டால் உயிரே போகும். நம் பயமும் இதே கணக்கில்தான் அமைந்திருக்கிறது என்று அமெரிக்க மனநல மருத்துவர் ராண்டால்ஃப் நெஸ்ஸி விளக்கினார். மிகையாக எச்சரிப்பது பயத்தின் குறைபாடு அல்ல, வடிவமைப்பு.

கருவி அலறும்போது மூன்று காரியங்களில் ஒன்றைச் செய்யலாம். பேட்டரியைக் கழற்றி வாயை அடைக்கலாம். என்ன ஏது என்று பார்க்காமல் மின்தூக்கியை விட்டுப் படிக்கட்டில் கீழே ஓடலாம். அல்லது சமையலறைக்குப் போய் என்ன எரிகிறது என்று பார்க்கலாம். 'பயப்படாதே' என்ற அறிவுரை முதல் வகை. பயம் வந்ததும் விலகிப்போவது இரண்டாவது. சுய விழிப்புணர்வு என்பது மூன்றாவது மட்டும்தான். அது மணியை நிறுத்துகிற வித்தை இல்லை, போய்ப் பார்க்கிற பழக்கம்.

உடலுக்குள் என்ன நடக்கிறது

மூளையின் இரு பக்கமும், காதுக்கு உள்ளே ஆழத்தில், பாதாம்பருப்பு வடிவில் ஒரு சிறு பகுதி இருக்கிறது. அதன் பெயர் அமிக்டலா. ஆபத்து போலத் தோன்றும் எதையும் அது நொடிக்கும் குறைவான நேரத்தில் பிடித்துக்கொள்ளும். நாம் யோசித்து முடிக்கும் முன்பே உடலுக்குத் தகவல் போய்விடும்.

அந்தத் தகவலை உடலெங்கும் கொண்டுசெல்வது பரிவு நரம்பு மண்டலம், அதாவது அவசர நேரத்தில் உடலை முடுக்கிவிடும் நரம்புத் தொகுதி. சிறுநீரகங்களுக்கு மேலே உட்கார்ந்திருக்கும் சுரப்பிகள் அட்ரினலினை ரத்தத்தில் கலக்கின்றன. தசைகளுக்கு ரத்தம் வேண்டும் என்பதால் நெஞ்சு படபடக்கிறது. செரிமானம் இப்போதைக்குத் தேவையில்லை என்பதால் வயிற்றுக்குப் போகும் ரத்தம் குறைகிறது, வயிற்றில் புளியைக் கரைக்கிறது. வாய் உலர்கிறது, உள்ளங்கை வியர்க்கிறது. ஓடவோ மோதவோ உடல் தயாராகும் இந்த நிலையை வால்டர் கேனன் என்ற அமெரிக்க உடலியல் அறிஞர் 1915-இல் எழுதிய நூலில் விரிவாக விளக்கினார்.

அமிக்டலாவைப் 'பயத்தின் மையம்' என்று பல இடங்களில் எழுதுகிறார்கள். அதை ஆராய்வதிலேயே பல ஆண்டுகளைச் செலவிட்ட நரம்பியல் அறிஞர் ஜோசஃப் லெடூ அந்தப் பெயரை ஏற்பதில்லை. உடல் முடுக்கப்படுவது ஒன்று, 'நான் பயந்துபோயிருக்கிறேன்' என்று நாம் உணர்வது வேறொன்று என்கிறார் அவர். இரண்டாவதை, உடலின் குறிகளையும் பழைய நினைவுகளையும் சூழ்நிலையையும் சேர்த்து, யோசிக்கும் மூளை உருவாக்குகிறது. இந்தப் பிரிவினை நமக்கு ரொம்ப முக்கியம். படபடப்பு தானாக வரும், அதை நாம் தடுக்க முடியாது. ஆனால் அந்தப் படபடப்புக்கு என்ன பொருள் என்று முடிவெடுக்கும் இடத்தில் நமக்கு ஒரு நாற்காலி உண்டு.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: முதலில் மணி அடிக்கிறது, உடல் தயாராகிறது, பிறகுதான் மனம் அதற்கு விளக்கம் சொல்கிறது. மணி அடிப்பதாலேயே தீ என்று ஆகிவிடாது.

சந்தேகம் என்பது ஒரு கணிப்பு

பயம் உடலில் தொடங்குகிறது என்றால், தன்மேல் வரும் சந்தேகம் பெரும்பாலும் ஒரு வாக்கியமாக வரும். 'நான் உளறிவிடுவேன்.' 'இவர்கள் நடுவில் நான் இருக்கத் தகுதியில்லை.' கேட்காமலேயே பளிச்சென்று வந்துபோகும் இத்தகைய வாக்கியங்களுக்குத் தானியங்கி எண்ணங்கள் என்று பெயர். 1960களில் மனநல மருத்துவர் ஆரோன் பெக், தம்மிடம் வந்த நோயாளிகளிடம் இவற்றைக் கவனித்தார். இவை அவ்வளவு வேகமாக வருவதால், எண்ணம் என்றே தெரியாமல் உண்மை என்று எடுத்துக்கொள்கிறோம்.

'நான் உளறிவிடுவேன்' என்பது நடந்த செய்தி இல்லை, நாளையைப் பற்றிய ஒரு கணிப்பு. கணிப்பு பலிக்கலாம், பலிக்காமலும் போகலாம். இதை மட்டும் ஒருவர் கவனித்துவிட்டால் சந்தேகத்தின் பிடி கொஞ்சம் தளரும்.

திறமை இருந்தால் சந்தேகம் வராது என்று நினைப்பதும் தவறு. 1978-இல் பாலின் கிளான்ஸ், சுசான் ஐம்ஸ் என்ற இரு உளவியலாளர்கள், படிப்பிலும் வேலையிலும் நன்றாகச் சாதித்த பெண்கள் பலர் 'நான் எல்லாரையும் ஏமாற்றிக்கொண்டிருக்கிறேன், ஒருநாள் மாட்டிக்கொள்வேன்' என்று நம்புவதைப் பதிவு செய்தார்கள். பின்னாளில் ஆண்களிடமும் இது காணப்பட்டது. சான்றிதழ்கள் கூடக்கூட அது தானாகக் கரைந்துவிடவில்லை.

நம் ஊரில் இந்த வாக்கியங்கள் எப்படி உருவாகின்றன என்று யோசிக்கும்போது எனக்கு ஒப்பீடுதான் முதலில் நினைவுக்கு வருகிறது. தொடக்கப்பள்ளி இறுதியாண்டுத் தேர்வில் பிள்ளைகளை ஒருவரோடு ஒருவர் வைத்துக் கணக்கிட்ட டி-ஸ்கோர் முறை 2021-இல் போய்விட்டது. பிள்ளையின் சொந்த மதிப்பெண்ணை மட்டும் பார்க்கும் அடைவுநிலை முறை வந்தது. ஆனால் பக்கத்து புளோக் பிள்ளை எந்தப் பள்ளிக்குப் போகிறது என்ற கேள்வி வீட்டுக்குள் இன்னும் உயிரோடு இருக்கிறது. பத்து வயதில் காதில் விழுந்த அந்தக் கேள்வி, முப்பது வயதில் அலுவலகக் கூட்டத்தில் சொந்தக் குரலில் ஒலிக்கிறது.

நிம்மதி என்ற பொறி

இனி வருவதுதான் இந்த விஷயத்தின் மையம். பயம் ஏன் வருடக்கணக்கில் நீடிக்கிறது?

பலதுறைத் தொழிற்கல்லூரியில் படிக்கும் ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். வீட்டில் பெரும்பாலும் ஆங்கிலம், பள்ளியில் தாய்மொழிப் பாடமாகத் தமிழ். நம்மிடையே இப்படி ஆயிரக்கணக்கான பிள்ளைகள் உண்டு. தீபாவளிக்கு ஈசூனில் அத்தை வீட்டுக்குப் போயிருந்தபோது தமிழில் பேசுகிறாள். வாழைப்பழம் 'வாளப்பளம்' ஆகிவிடுகிறது. எல்லாரும் சிரிக்கிறார்கள். "என்னம்மா, இன்னொரு தடவை சொல்லு" என்று அத்தை பாசமாகத்தான் கேட்கிறார். அவளுக்கு முகம் சிவக்கிறது, தொண்டை அடைக்கிறது. அடுத்த கேள்விக்கு ஆங்கிலத்தில் பதில் சொல்கிறாள். உடனே ஒரு நிம்மதி.

அந்த நிம்மதியைக் கவனியுங்கள். கசப்பான ஒன்று விலகினால், அதை விலக்கிய செயலை மூளை நினைவில் வைத்துக்கொள்ளும். அடுத்த முறையும் அதையே செய்யத் தூண்டும். இதை உளவியலில் எதிர்மறை வலுவூட்டல் என்பார்கள். 'எதிர்மறை' என்றால் இங்கே கெட்டது என்று பொருள் இல்லை. ஒன்று நீங்குவதால் ஒரு பழக்கம் வலுப்படுகிறது என்பதே பொருள். அவளுடைய மூளை கற்றுக்கொண்ட பாடம்: தமிழ் பேசுவது ஆபத்து, ஆங்கிலத்துக்கு மாறியதால் தப்பித்தேன்.

அப்புறம் இது பரவுகிறது. தேக்காவில் சாப்பாட்டுக் கடைக்காரர் தமிழில் கேட்டாலும் ஆங்கிலத்தில் பதில் சொல்கிறாள். பாட்டியோடு தொலைபேசியில் பேசுவது சுருங்கிப்போகிறது. ஏப்ரல் மாதத் தமிழ்மொழி விழாவில் ஒரு நிகழ்ச்சியை வழிநடத்தக் கேட்டால், 'அன்றைக்கு வேலை இருக்கிறது' என்கிறாள். ஒவ்வொன்றும் தனித்தனியாகச் சின்ன விஷயம். ஆனால் ஒவ்வொரு முறையும் இரண்டு நஷ்டம். பேசிப் பழகும் வாய்ப்பு போகிறது. அதைவிடப் பெரியது, தன் கணிப்பு தவறு என்று தெரிந்துகொள்ளும் வாய்ப்பும் போகிறது. கடைக்காரர் சிரித்திருப்பாரா? அவளுக்குத் தெரியவே தெரியாது.

தவிர்ப்பு எப்போதும் ஓடிப்போவது போலத் தெரியாது. கூட்டத்தில் கைப்பேசியையே பார்த்துக்கொண்டிருப்பது, உரையை ஒரு சொல் விடாமல் மனப்பாடம் செய்வது, மின்னஞ்சலை அனுப்பும் முன் திரும்பத் திரும்பப் படிப்பது எல்லாம் தவிர்ப்பின் நாகரிக வடிவங்கள். பார்ப்பவருக்குப் பொறுப்பாகத் தெரியும். அதனாலேயே இவற்றைக் கண்டுபிடிப்பது கடினம்.

சுருக்கமாகச் சொன்னால் மணி, கணிப்பு, தவிர்ப்பு, நிம்மதி, பிறகு இன்னும் சத்தமாக மணி என்று இது ஒரு சுற்று. மணியை நாம் கட்டுப்படுத்த முடியாது. தவிர்க்கும் அந்தக் கணத்தைப் பிடிக்க முடியும்.

அசைபோடுவது விழிப்புணர்வு ஆகாது

அந்தக் கணத்தைப் பிடிப்பதுதான் சுய விழிப்புணர்வின் வேலை. ஆனால் பலர் இதைத் தன்னைப் பற்றி நிறைய யோசிப்பது என்று எடுத்துக்கொள்கிறார்கள். 'நான் ஏன் இப்படி இருக்கிறேன், மற்றவர்களெல்லாம் எப்படிச் சமாளிக்கிறார்கள்' என்று நடந்ததையே மெல்லுவதற்குப் பெயர் அசைபோடுதல். அமெரிக்க உளவியலாளர் சூசன் நோலன்-ஹோக்ஸிமா இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். அசைபோடுவது மனச்சோர்வை நீட்டிக்கிறது என்பது அவருடைய ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிந்தது.

இரண்டையும் பிரித்தறிய எளிய வழி உண்டு. அசைபோடுதல் 'ஏன்' என்று கேட்கும், கேள்விக்கு முடிவே இருக்காது. விழிப்புணர்வு 'என்ன' என்று கேட்கும், பதில் ஓரிரு வரியில் முடிந்துவிடும். உடலில் இப்போது என்ன நடக்கிறது? மனம் என்ன கணிக்கிறது? என்ன செய்துவிட்டுத் தப்பிக்கத் தோன்றுகிறது? அந்தப் பெண் எம்ஆர்டி ரயிலில் வீடு திரும்பும்போது கைப்பேசியில் இப்படி எழுதிக்கொள்ளலாம்: 'தொண்டை அடைத்தது. சிரிப்பார்கள் என்று நினைத்தேன். ஆங்கிலத்துக்கு மாறினேன்.' தன்னைத் திட்டும் சொல் ஒன்றுகூட வேண்டாம். அவ்வளவு போதும்.

உணர்வுக்குப் பெயர் சொல்வதற்கே ஒரு பலன் இருக்கிறது. கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தில் மேத்யூ லீபர்மன் குழு 2007-இல் வெளியிட்ட ஆய்வில், கோபமோ பயமோ தெரியும் முகங்களைப் பார்த்து அந்த உணர்வின் பெயரைத் தேர்ந்தெடுத்தவர்களின் அமிக்டலாச் செயல்பாடு குறைந்தது. நெற்றிக்குப் பின்னால் உள்ள ஒரு பகுதி கூடுதலாக வேலை செய்தது.

2012-இல் அதே வளாகத்தில் சிலந்திக்குப் பயப்படுபவர்களிடம் இதைச் சோதித்தார்கள். பெரிய சிலந்தி ஒன்றின் அருகில் போகும்போது தம் பயத்தை வாய்விட்டு, கூர்மையான சொற்களில் சொன்ன குழுவினருக்கு, ஒரு வாரம் கழித்துக் கை வியர்ப்பதைக் கொண்டு அளந்த பதற்றம் மற்றவர்களைவிடக் குறைவாக இருந்தது. ஆனால் 'எவ்வளவு பயமாக இருக்கிறது?' என்று கேட்டபோது அவர்கள் சொன்ன அளவில் பெரிய வேறுபாடு இல்லை! எனக்கு இந்த ஆய்வில் மிகப் பிடித்தது இதுதான். மனம் 'பயம்' என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே உடல் அமைதியாகத் தொடங்கிவிடும். பயம் முழுக்கப் போகட்டும் என்று காத்திருப்பவர் இந்த மாற்றத்தைப் பார்க்காமலேயே இருந்துவிடுவார்.

பார்த்தால் மட்டும் போதாது

கவனிப்பது கதவைத் திறக்கும், உள்ளே நடந்துபோக வேண்டியது நாம்தான். மூளைக்கு வாதம் எடுபடாது, அனுபவம்தான் எடுபடும். 1924-இல் மேரி கவர் ஜோன்ஸ் என்ற உளவியலாளர், முயலைக் கண்டு நடுங்கிய ஏறத்தாழ மூன்று வயதுப் பையனுக்குப் பிடித்த தின்பண்டத்தைக் கொடுத்துக்கொண்டே, முயல் கூண்டைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பக்கத்தில் கொண்டுவந்தார். கடைசியில் அவன் முயலைத் தடவிக் கொடுத்தான். இன்றைய படிப்படியான எதிர்கொள்ளல் என்ற சிகிச்சை முறைக்கு இது ஒரு முன்னோடி.

நம் மாணவி நேராக மேடையில் ஏற வேண்டியதில்லை. தேக்காவில் "ரெண்டு தோசை, ஒரு டீ" என்று தமிழில் கேட்பதில் தொடங்கலாம். போகும் முன் கணிப்பை எழுதிக்கொள்ள வேண்டும்: 'கடைக்காரர் சிரிப்பார், அல்லது ஆங்கிலத்தில் பதில் சொல்வார்.' வந்த பிறகு நடந்ததை எழுத வேண்டும்: 'சட்னி எது வேணும்மா என்று கேட்டார்.' கணிப்புக்கும் நடந்ததற்கும் இடையிலுள்ள இந்த வித்தியாசம்தான் மூளைக்குப் பாடம். எழுதாமல் விட்டால் அது நழுவிவிடும். பயந்த மனம் கெட்டதை மட்டும் பத்திரமாக எடுத்துவைக்கும்.

பிறகு பாட்டியிடம் தொலைபேசியில் ஐந்து நிமிடம், பிறகு அத்தை வீடு. அங்கே சிரிப்பு உண்மையாகவே வரலாம். வந்தால், அதைத் தாங்க முடிந்தது என்பதும் ஒரு பாடம். குறிப்பிட்ட ஒரு செயலைத் தன்னால் செய்ய முடியும் என்ற எண்ணத்தைத் தன்திறன் நம்பிக்கை என்று ஆல்பர்ட் பண்டுரா 1977-இல் விளக்கினார். அது பாராட்டால் வளர்வதைவிடச் செய்து முடித்த அனுபவத்தால் வளர்கிறது என்பது அவர் கண்டது. அதாவது நம்பிக்கை வந்த பிறகு செய்வது என்ற வரிசை தலைகீழ்.

கொஞ்ச நாள் இடைவெளி விட்டால் பழைய பயம் திரும்பி வரலாம். பயந்து கற்ற பாடம் அழிவதில்லை. அதன் பக்கத்தில் புதுப் பாடம் ஒன்று எழுதப்படுகிறது, அவ்வளவுதான். அதனால் திரும்பி வந்ததைத் தோல்வி என்று எண்ணி விட்டுவிட வேண்டாம். மறுபடி தோசைக் கடைக்குப் போனால் போதும், இரண்டாவது முறை பெரும்பாலும் சீக்கிரம் பழகிவிடும்.

எல்லாரும் நம்மையா பார்க்கிறார்கள்?

2000-இல் வெளியான ஒரு கார்னெல் பல்கலைக்கழக ஆய்வில், போட்டுக்கொள்ளவே கூச்சப்படும் படம் அச்சிட்ட டி-சட்டையை மாணவர்களுக்கு அணிவித்து, மற்றவர்கள் உட்கார்ந்திருந்த அறைக்குள் அனுப்பினார்கள். ஏறத்தாழ பாதிப் பேர் கவனித்திருப்பார்கள் என்று அணிந்தவர்கள் நினைத்தார்கள். கவனித்தவர்கள் ஏறத்தாழ கால்வாசிதான். உள்ளே நடக்கும் நடுக்கமும் அப்படித்தான், நாம் நினைக்கும் அளவுக்கு வெளியே தெரிவதில்லை. மேடையேறும் முன் இந்த உண்மையைச் சொல்லி அனுப்பப்பட்ட பேச்சாளர்கள் மேலும் நன்றாகப் பேசியதாக 2003-இல் வந்த இன்னொரு ஆய்வு சொல்கிறது. மேடைப் பேச்சுப் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளிடம் நான் இதைத் தவறாமல் சொல்வேன்.

பெரியவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ஒரு பிள்ளை தப்பாகத் தமிழ் பேசினால், திருத்த வேண்டியதைப் பிறகு, தனியாகத் திருத்துங்கள். வாக்கியத்தின் நடுவில் சிரிக்காதீர்கள். ழகரம் ஒரு வருடத்தில் வந்துவிடும், மூடிய வாய் அவ்வளவு சீக்கிரம் திறக்காது.

மணி சரியாக அடிக்கும்போது

எல்லாப் பயமும் தாளிப்புப் புகை இல்லை. படிக்காமல் தேர்வுக்குப் போகிறவரின் பயம் நியாயமானது, அவர் படிக்கத்தான் வேண்டும். எல்லார் முன்னிலையிலும் அவமானப்படுத்தும் மேலாளரைக் கண்டு வரும் பயத்துக்கு மருந்து மனப் பயிற்சி அல்ல. நடந்ததைத் தேதியோடு குறித்துவைத்து, உரிய இடத்தில் சொல்வது. சமையலறைக்குப் போய்ப் பார்க்கச் சொல்வது இதற்காகவும்தான். தீ இருந்தால் தீயை அணைக்க வேண்டும்.

சில நேரம் பயம் தூக்கத்தைக் கெடுக்கும், வேலைக்கோ பள்ளிக்கோ போகவிடாது, காரணமில்லாமல் மூச்சுமுட்ட வைக்கும். வாரக்கணக்கில் இப்படி இருந்தால் தனியாகப் போராட வேண்டாம். பலதுறை மருந்தகத்தில் மருத்துவரிடம் சொல்லலாம். மனநல உதவிக்கான தேசியத் தொலைபேசி எண் 1771. உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் 1767-க்கு எந்த நேரமும் அழைக்கலாம். போகும்போது கைப்பேசியில் எழுதிவைத்த அந்தச் சில வரிகளையும் எடுத்துப் போங்கள். உடலில் என்ன நடந்தது, மனம் என்ன சொன்னது, எதைத் தவிர்த்தீர்கள் என்று அவர்களும் கேட்பார்கள். பதட்டத்தில் வாய் வரவில்லை என்றால் கைப்பேசியை அப்படியே நீட்டிவிடலாம்.